கண்ணோட்டமும் ஒற்றாடலும்

சில ஆண்டுகளுக்கு முன்னர்த் திருக்குறள் மனனப் போட்டியொன்றிற்கு நடுவராகச் சென்றிருந்தேன். இடைநிலைப் பள்ளி மாணவி ஒருத்தி 58ஆம் அதிகாரத்தின் 10 குறளையும் பிழையின்றி, தடுமாற்றமின்றிச் சொல்லி முடித்தாள். உடனிருந்த நடுவர் ஒருவர் அதிகாரத் தலைப்பின் பொருளை வினவினார். "ஒரு செய்தியை நாம் எந்தக் கோணத்திலிருந்து பார்க்கிறோமோ அதுதான் கண்ணோட்டம், ஐயா" என்று அவள் அஞ்சாது விடை பகர்ந்தாள். நடுவர்கள் முறுவலித்தனர், மதிப்பெண் குறைந்தது.

அம்மாணவி இன்றைய தமிழைச் சரியாகவே சொன்னாள். 'அரசியல் கண்ணோட்டம்', 'வரலாற்றுக் கண்ணோட்டம்' என நாளிதழ்கள் எழுதுகின்றன. 'என் கண்ணோட்டத்தில்' என்று கட்டுரையைத் தொடங்குமாறு நாமே பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றோம். ஒருவன் கண் பிறனை நோக்கி ஓடுதலைக் குறித்த சொல், அவனவன் கண் நிற்கும் இடத்தைக் குறிக்கும் சொல்லாக மாறிவிட்டது. சொற்கள் பொருள் மாறுவது மொழியியற்கைதான். ஆயினும் இம்மாற்றத்தால் நாம் எதனை இழந்தோம் என்று எண்ணிப் பார்த்தல் தமிழாசிரியர்க்குக் கடனாகும். இக்கட்டுரை அவ்வெண்ணத்தில் எழுந்தது.

பழஞ்சொல் விட்டுச் சென்ற இடத்தில் இன்று 'ஒத்துணர்வு' என்னும் புதுச்சொல் வந்து அமர்ந்திருக்கின்றது. ஆசிரியர் பயிலரங்குகளிலும் நன்னெறிப் பாடங்களிலும் இச்சொல்லை அடிக்கடி கேட்கின்றோம். பிறர் நிலையில் தம்மை வைத்து அவர்தம் உணர்வை உணர்தல் என்று அதற்கு விளக்கம் தருவர். இக்கருத்திற்குத் திருக்குறளில் சான்று தேடுவோர் பெரும்பாலும் 315ஆம் குறளிடம் செல்வர். பிறிதோர் உயிரின் நோயைத் தன் நோய்போல் எண்ணிக் காவாதவிடத்து ஒருவன் பெற்ற அறிவினால் ஆவது யாது என்று கேட்கும் குறள் அது. மிக உயர்ந்த குறள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது நிற்கும் இடத்தை நோக்கவேண்டும். 'இன்னா செய்யாமை' என்னும் 32ஆம் அதிகாரம் துறவறவியலைச் சார்ந்தது. எல்லா உயிரையும் தன்னுயிராகக் காணும் துறவியின் நிலை அங்கே பேசப்படுகின்றது. காலையில் எழுந்து, பேருந்தைப் பிடித்து, வகுப்பில் முப்பது பிள்ளைகளோடும் அலுவலகத்தில் பத்து ஆசிரியர்களோடும் வீட்டில் மனைவி மக்களோடும் உழலும் நமக்கு வள்ளுவர் ஏதும் சொல்லவில்லையா? சொல்லியிருக்கின்றார், அதைச் சொன்ன இடம் பொருட்பால். அதிலும் அரசனுக்குச் சொன்ன பகுதி.

55ஆம் அதிகாரம் செங்கோன்மை, 56 கொடுங்கோன்மை, 57 வெருவந்த செய்யாமை, அஃதாவது குடிகள் அஞ்சத்தக்கவற்றைச் செய்யாமை, 58 கண்ணோட்டம், 59 ஒற்றாடல். இவ்வைந்தையும் தனித்தனியே மனனம் செய்வோர்க்கு இவ்வரிசை புலப்படுவதில்லை. ஆறாம் ஆண்டுத் தேர்வு 2021இல் கைவிடப்பட்ட பின்னரும் நாம் 'குறளும் பொருளும்' என்ற ஒட்டு முறையை விட்டோமில்லை. ஓரடி பின்னுக்கு நின்று பார்ப்போர்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கின்றது. கண்ணோட்டத்தைப் பற்றிய அதிகாரத்தை அடுத்து ஒற்றரைப் பற்றிய அதிகாரம். அவ்வதிகாரத்தின் முதற்குறளே ஒற்றனையும் நூலையும் அரசனுக்குக் கண்களாகக் கொள்ளச் சொல்கின்றது. ஆக, கண்ணைப் பற்றிய இரண்டு அதிகாரங்கள் அருகருகே வைக்கப்பட்டுள்ளன. ஆள்பவனிடம் இருக்கும் இருவகைக் கண்கள் இவை: பிறர்பால் ஓடிச் செல்லும் கண் ஒன்று, பிறரை அறிந்துகொண்டு வரும் கண் மற்றொன்று. இரண்டும் வேண்டும் என்பதே வள்ளுவர் கருத்து. ஆனால் ஒன்றை மற்றொன்றாக எண்ணி மயங்குவோர் பலர். அவருள் நானும் ஒருவன். அதனைப் பின்னர்ச் சொல்வேன்.

முதலில் உரைகாரரோடு ஒரு வழக்கு. பரிமேலழகர், தன்னொடு பயின்றாரைக் கண்டால் அவர் கூறியவற்றை மறுக்கமாட்டாமையே கண்ணோட்டம் என்று வரையறுத்தார். கண் அவர்மேற் சென்றவழி நிகழ்வதாகலின் இப்பெயர் பெற்றது என்றும் காரணம் காட்டினார். பிற்பகுதி மிக நுட்பமானது. அதனைப் பொன்னேபோற் போற்றவேண்டும். முற்பகுதிதான் எனக்கு இடர் தருகின்றது. 'பயின்றார்' என்றால் பழகியவர். கண்ணோட்டம் பழகியவரிடத்து மட்டும் நிகழ்வதாயின், அது இன்று நாம் 'தாட்சணியம்' என்று சொல்வதற்கும் மேலாக உயராது. தெரிந்தவர் பிள்ளை என்று வகுப்பு மாற்றிக் கொடுப்பது, வாரியக் கூட்டத்தில் அருகில் அமர்பவர் கேட்டார் என்று விதியைத் தளர்த்துவது ஆகியனவெல்லாம் அவ்வரையறைக்குள் அடங்கிவிடும்.

உரைகாரர் பக்கம் வலுவில்லாமல் இல்லை. அதிகாரத்தின் இறுதிக் குறள், பெய்வதைக் கண்ணாற் கண்டும் நஞ்சை உண்டு அமைவோரை நாகரிகம் வேண்டுவோர் என்கின்றது. நற்றிணையின் 355ஆம் பாடலும் நட்டோர் கொடுத்தால் நஞ்சையும் உண்பவரே மிக்க நாகரிகர் என்ற கருத்தைக் கொண்டுள்ளது. அங்கே நண்பர் என்று வெளிப்படையாகவே வருகின்றது. இவ்வொப்புமையை நோக்கின் பழகியோர்பால் மறுக்கமாட்டாத மென்மையே இச்சொல்லின் பழம்பொருள் என்று தோன்றலாம். ஆயினும் அதே அதிகாரத்தின் இரண்டாங் குறள் உலகியலே கண்ணோட்டத்தின்பால் உள்ளது என்கின்றது. உலகநடை முழுவதும் அறிமுகமானவர்களுக்குள் மட்டுமா நடக்கின்றது? 579ஆம் குறள் நம்மை வருத்தும் இயல்புடையாரிடத்தும் கண்ணோடிப் பொறுக்கச் சொல்கின்றது. அதனைப் பயின்றார் என்ற வட்டத்திற்குள் அடைப்பது அரிது. பழைய சொல்லை எடுத்து, அதன் எல்லையை வள்ளுவர் விரித்தார் என்பதே என் துணிபு.

இனி, மற்றொரு முரணையும் மறைத்தல் ஆகாது. செங்கோன்மையின் முதற்குறளாகிய 541, குற்றத்தை ஆராய்ந்து, யாரிடத்தும் கண்ணோடாது, நடுநிலை பொருந்தித் தேர்ந்து செய்வதே முறை என்று விதிக்கின்றது. மூன்று அதிகாரம் கடந்ததும் கண்ணோட்டம் இல்லாத கண் புண்ணென்று சாடுகின்றது. மாணாக்கர் எவரேனும் "ஐயா, எதைப் பின்பற்றுவது?" என்று கேட்டால் என் செய்வது? இவ்வினா எழுந்தால் அவ்வகுப்பில் தமிழ் நன்றாகவே நடக்கின்றது என்று பொருள். விடை 578ஆம் குறளில் இருக்கின்றது. கருமம் சிதையாதபடி கண்ணோட வல்லவர்க்கே இவ்வுலகம் உரிமையுடையது என்பது அதன் கருத்து. ஈண்டு உயிர்நாடியாக நிற்பது வல்லமை. கண்ணோடுதல் இயல்பாக ஊறும் உணர்ச்சி என்றால் வல்லமையைப் பற்றிப் பேச வேண்டியதில்லை; நீந்த வல்லவர், பாட வல்லவர் என்பது போல் இதுவும் பழகிக் கைவரப் பெறும் ஒன்று. 574ஆம் குறள் அளவோடு கூடிய கண்ணோட்டம் என்று அளவையும் சேர்த்தே சொல்வதை இதனோடு வைத்து நோக்குக. 541 விலக்கியது தீர்ப்பை வளைக்கும் சாய்வை. 58ஆம் அதிகாரம் விதித்தது தீர்ப்புக்கு முன்னும் பின்னும் வேண்டப்படும் பார்வையை.

கண்ணால் என்ன பயன் என்று வள்ளுவர் கேட்கும் இடங்கள் இன்னும் உண்டு. 573ஆம் குறள் பாடலோடு இயையாத பண்ணைக் கண்ணோட்டமில்லாக் கண்ணுக்கு உவமை ஆக்குகின்றது. 705ஆம் குறள் பிறர் முகக்குறிப்பினின்று உள்ளக்குறிப்பை உணராவிடின் உறுப்புகளுள் கண் எதற்கு என்று கேட்கின்றது. இப்பின்னது 'குறிப்பறிதல்' என்னும் 71ஆம் அதிகாரத்தில் வருவது. அதற்கு முன்னுள்ள அதிகாரம் மன்னரைச் சேர்ந்தொழுகல். அரசரிடம் தீக்காய்வாரைப் போல மிக நெருங்காமலும் மிக விலகாமலும் இருக்கச் சொல்வது அது. அப்படி இருக்க வேண்டியவன் அமைச்சன்; ஆதலால் அரசன் முகத்தைப் படிக்கும் கலையும் அவனுக்கே அடுத்துக் கற்பிக்கப்படுகின்றது.

இவ்வமைப்பில்தான் வள்ளுவரின் உலகறிவை நான் காண்கின்றேன். கீழே இருப்பவன் மேலே இருப்பவனின் முகத்தைப் படித்தே தீரவேண்டும். அவன் பிழைப்பு அதில் இருக்கின்றது. என் பள்ளியில் நான் காலையில் வண்டியை விட்டு இறங்கும்போதே "இன்று பெரியவர் முகம் சரியில்லை" என்னும் செய்தி ஆசிரியர் அறைக்கு எனக்கு முன்னே போய்ச் சேர்ந்துவிடும். அன்று விடுப்பு விண்ணப்பம் ஒன்றும் என் மேசைக்கு வாராது. என் தலைவலியை அத்தனை பேரும் அறிவர். அவர்களுள் ஒருவருடைய தாயார் நோயுற்றிருந்ததை நான் ஒரு மாதம் கழித்தே அறிந்தேன். அவர்கள் என்னைவிட நல்லுள்ளம் படைத்தவர்கள் என்பதற்கன்று இதனைச் சொல்வது. என் முகத்தைப் படிக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இருந்தது. அவர்கள் முகத்தைப் படிக்க வேண்டிய தேவை எனக்கு இல்லை. அதனால்தான் குறிப்பறிதலை அமைச்சனுக்கும், கண்ணோட்டத்தை அரசனுக்கும் வள்ளுவர் பகுத்து வைத்தார் போலும். தேவையில்லாதவனுக்கே அது கடமையாக விதிக்கப்படவேண்டும்.

குறிப்பறிதல் என்னும் அதே தலைப்பு காமத்துப்பாலில் 110ஆம் அதிகாரமாக மீண்டும் வருவதையும் நாம் அறிவோம். அதன் இறுதிக் குறள், கண்ணோடு கண் நோக்கால் ஒத்துவிட்டால் வாய்ச்சொற்களால் ஒரு பயனும் இல்லை என்கின்றது. அங்கே ஒத்தல் நிகழ்கின்றது, இருவரும் நிகரானவர் ஆதலின். நம் புதுச்சொல்லாகிய ஒத்துணர்விலுள்ள ஒத்தல் இதுவே. காதலர்க்கும் உற்ற நண்பர்க்கும் அது மிகப் பொருந்தும். ஆனால் அதிகாரியும் ஏவலரும், ஆசிரியனும் மாணாக்கனும், மாமியும் மருமகளும் நிகரானவர் அல்லர். அவர்களிடையே தொலைவு உண்டு. தொலைவு இருக்குமிடத்தில் கண் ஓடித்தான் ஆகவேண்டும். 'பிறர் நிலையில் என்னை வைத்துப் பார்த்தேன்' என்பவர் பல நேரங்களில் அங்கேயும் தம்மையே பார்த்துவிட்டுத் திரும்புவர். 'நானும் வறுமையில் படித்தவன்தான். எனக்கு ஒன்றும் சலுகை வேண்டியிருக்கவில்லையே' என்னும் பேச்சை நம் ஆசிரியர் அறைகளில் கேட்டிராதவர் யார்? இதன் பொருட்டே பழஞ்சொல்லைப் புதுச்சொல்லினும் நுட்பமானதாக மதிக்கின்றேன். ஒத்துணர்வு என்பது அடைந்த நிலையைக் கூறுகின்றது. கண்ணோட்டம் என்பது கடக்க வேண்டிய வழியைக் கூறுகின்றது.

இனி முன்னே சொல்வேன் என்ற செய்தி.

1990களின் தொடக்கத்தில், பயிற்சிக் கல்லூரியை விட்டு வந்த புதிதில், தோட்டப் பள்ளி ஒன்றில் நான்காம் ஆண்டு வகுப்பிற்கு ஆசிரியனாக இருந்தேன். குழந்தை உளவியலில் நல்ல மதிப்பெண் பெற்றவன் என்ற செருக்கும் உடன் வந்திருந்தது. என் வகுப்பில் ஒரு சிறுவன் நாள்தோறும் பத்து மணியளவில் கையை உயர்த்தி, "ஐயா, வெளியே போகணும்" என்று கேட்பான். போனால் கால்மணி நேரம் கழித்தே வருவான். ஒரு வாரம் பொறுத்தேன். பின்னர்ச் சட்டாம்பிள்ளையை அழைத்து, அவனுக்குத் தெரியாமல் பின்தொடர்ந்து சென்று பார்த்து வரப் பணித்தேன். சட்டாம்பிள்ளை மூச்சிரைக்க ஓடிவந்து, வகுப்பே கேட்கும்படி உரைத்தான்: "ஐயா, அவன் கழிப்பறைக்குப் போகல. ஆயாக்கொட்டகைக்குப் போறான். பள்ளியில குடுத்த ரொட்டியத் தாள்ல சுத்தி எடுத்துட்டுப் போறான்."

சிறுவன் திரும்பி வந்ததும் வினவினேன். அவன் ஒன்றும் பேசவில்லை. பொய் சொன்னதற்காக உள்ளங்கையில் இரண்டு அடி கொடுத்தேன். ரொட்டிக்காக அடிக்கவில்லை என்பதை வகுப்பிற்கு விளக்கமாகவும் சொன்னேன். சட்டாம்பிள்ளையை எழுந்து நிற்கச் செய்து பாராட்டினேன்.

அன்று என்னை யாரேனும் கேட்டிருந்தால் 541ஆம் குறளையே துணைக்கு அழைத்திருப்பேன். ஆராய்ந்தேன், கண்ணோடவில்லை, முறை செய்தேன். ஆனால் அது முழு உண்மையன்று. அதே வாரத்தில் தோட்டத்துக் கிராணியார் மகன் இருமுறை வகுப்பை விட்டுக் காணாமற் போனான். கிராணியார் மாலையில் என்னோடு பூப்பந்து விளையாடுபவர். "இனிமேல் இப்படிச் செய்யாதே, தம்பி" என்று சொல்லி அவனை விட்டுவிட்டேன். பரிமேலழகர் சொன்ன கண்ணோட்டம் அன்று எனக்கு நிறைய இருந்தது. பயின்றார்பால் அது தவறாமல் ஓடிற்று.

ஒற்றாடல் அதிகாரத்தையாவது ஒழுங்காகப் பின்பற்றினேனா? ஓர் ஒற்றன் கொணர்ந்ததை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஒத்துப் பார்க்க வேண்டும் என்கின்றது 588. மூவர் சொல் ஒத்தால் அதனைத் தெளியலாம் என்கின்றது 589. நான் ஒருவனையே அனுப்பினேன். ஆனால் என் பிழை அங்கே இல்லை என்பதை இப்போது காண்கின்றேன். மூவரை அனுப்பியிருந்தாலும் மூவரும் அதனையே உரைத்திருப்பர். சட்டாம்பிள்ளை சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. போன இடம், எடுத்துச் சென்ற பொருள், கழிந்த நேரம் யாவும் எனக்குத் தெரிந்திருந்தன. ரொட்டி யாருக்கு என்ற ஒன்றை மட்டும் நான் கேட்கவில்லை. அக்கேள்வி ஒற்றனிடம் கேட்கத்தக்கதன்று. அச்சிறுவனின் முகத்தைப் பார்த்துக் கேட்கவேண்டியது. அவன் தலைகுனிந்து நின்றான். நான் அதனைக் குற்றவுணர்ச்சி என்று படித்தேன்.

ஒற்றனுக்குச் செய்யும் சிறப்பைப் பிறர் அறியச் செய்தால் மறைபொருளைத் தானே வெளியிட்டவன் ஆவான் என்று 590ஆம் குறள் எச்சரிப்பதையும் மீறியிருந்தேன். சட்டாம்பிள்ளையோடு வகுப்புப் பிள்ளைகள் அதற்குப் பிறகு பேசவில்லை. இடைவேளையில் கோலி விளையாட்டிற்கு அவனைச் சேர்ப்பதில்லை. ஏவிய வேலையைச் செய்த பத்து வயதுப் பிள்ளை அவன். அவனுக்கும் நான் ஒரு தீங்கு செய்தேன் என்பதை உணர இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

இன்று பள்ளிகளில் ஒற்றர் தேவையில்லை. மாணவர் ஒவ்வொருவரின் வீட்டு முகவரி, பெற்றோர் தொழில், வருமானம், உடன்பிறந்தார் எண்ணிக்கை, வாராத நாள் ஆகிய யாவும் கணினியில் இருக்கின்றன. நான் விசையைத் தட்டினால் எந்தப் பிள்ளையின் குடும்ப நிலையும் திரையில் விரியும். இளைய ஆசிரியர்கள் இதனைக் காட்டி, "நம் பிள்ளைகளை நாம் நன்றாக அறிந்திருக்கின்றோம், ஐயா" என்று மகிழ்வதுண்டு. அவர்கள் மகிழ்ச்சியைக் குலைக்க எனக்கு மனமில்லை; அப்பட்டியலால் உதவி பெற்ற பிள்ளைகளும் உண்டு. எனினும் இதனை 59ஆம் அதிகாரத்துக் கண்ணாகவே கொள்கின்றேன். 58ஆம் அதிகாரத்துக் கண் திரையில் வாராது.

அவ்வாண்டு இறுதி விடுமுறையில் தோட்டத்துக் கோயிலில் பூசை நடந்தது. ஆயாக்கொட்டகையில் வேலை செய்யும் அம்மையார் என்னைக் கண்டு வணங்கி, குறை சொல்லும் குரலே இல்லாமல் கேட்டார்: "ஏங்கய்யா, அந்தப் பையன் அப்புறம் வரவே இல்லியே? அவங்கம்மா ஆசுபத்திரியில கிடந்தப்போ, அவன் கையால குடுத்தாத்தான் அந்தத் தங்கச்சிப் புள்ள திங்கும். பாவம், கொஞ்ச நாள் அழுதுட்டுக் கிடந்துச்சு."

பள்ளி திறந்ததும் அவனை அழைத்துப் பேச எண்ணியிருந்தேன். அதற்குள் அக்குடும்பம் வேறு தோட்டத்திற்குப் பெயர்ந்து போயிருந்தது. அவன் தன்னுடன் கொண்டு சென்ற தேர்ச்சி அறிக்கையில், விடுமுறைக்கு முன்பே, வகுப்பாசிரியர் கருத்து என்ற இடத்தில் என் கையெழுத்தால் எழுதியிருந்தேன்: 'பணிவுள்ள மாணவன். இப்போதெல்லாம் பாட நேரத்தில் வெளியே செல்வதில்லை.'